பாண்டிச்சேரியிலிருந்து போன கடிதம்: ஷெர்லாக் ஹோம்ஸும் அவரைத் தொடர்ந்து எழுதுபவர்களும்

(நமது நலச்சங்கக் கூடத்தில் நடைபெறும் வாசகர் சந்திப்பில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. கேள்வி நேரத்தின் சுருக்கம் இறுதியில் உள்ளது.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இத்தனை பேர் மாடியேறி வந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. பெரியவர்கள் முன்வரிசையிலும் பிள்ளைகள் கடைசி வரிசையிலும் இருக்கிறீர்கள். இன்றைய விஷயம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், அதனால் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்துப் புத்தக அலமாரிக்கு என்ன வாங்கலாம் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அதில் பிள்ளைகள் சிலர் 'ஷெர்லாக் ஹோம்ஸ் புதிய நாவல்கள்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேயே ஒரு பெரியவர் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறார்: கானன் டாயில் இறந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது, புதிய நாவல் எங்கிருந்து வரும், போலிச் சரக்குக்குச் சங்கப் பணம் வேண்டாம் என்று. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவர் உருவாக்கிய பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து எழுதலாமா? எழுதினால் அது வாரிசா, போலியா? பணம் கொடுத்து வாங்கும் நாம் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இன்றைக்கு இதைத்தான் பேசப்போகிறேன்.

மூலம் எவ்வளவு?

டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. நாவல்கள் 4, சிறுகதைகள் 56. முதல் நாவல் 1887-இல் வந்தது, கடைசிச் சிறுகதை 1927-இல். நாற்பது வருட உழைப்பு. நடுவில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. சரித்திர நாவல்கள் எழுத வேண்டும், இந்தத் துப்பறிவாளர் தன் நேரத்தையெல்லாம் விழுங்குகிறார் என்று டாயிலுக்குச் சலிப்பு வந்துவிட்டது. 1893 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த கதையில் ஹோம்ஸையும் வில்லன் மோரியார்ட்டியையும் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை. 1901-இல் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' தொடராக வந்தது. அது ஹோம்ஸ் சாவதற்கு முன் நடந்த கதை என்று சொல்லிச் சமாளித்தார். 1903-இல் சமாளிப்பெல்லாம் போய், ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று எழுதி உயிரோடு கொண்டுவந்தார்.

முடிந்துபோன ஹோம்ஸைத் தொடர்ந்து எழுதிய முதல் ஆள், ஆக, டாயிலேதான். வாசகரின் வற்புறுத்தலுக்காக எழுதினார், பணமும் நன்றாக வந்தது. இன்றைக்குத் தொடர்ந்து எழுதுபவர்களை இதே காரணங்களைச் சொல்லி நாம் குறை சொன்னால், அந்தக் குறையில் ஒரு பங்கு மூல ஆசிரியருக்கும் போய்ச் சேரும்.

டாயில் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்துவிட்டுப் போனார். ஒன்று, காணாமல் போன வருடங்கள். 1891 மே மாதம் அருவியில் மறைந்த ஹோம்ஸ் 1894-இல் லண்டனுக்குத் திரும்புகிறார். நடுவில் எங்கே இருந்தார்? சிகர்சன் என்ற நார்வேக்காரராக வேடமிட்டுத் திபெத்தில் இரண்டு வருடம் சுற்றினேன், லாசாவுக்குப் போனேன், பிறகு பாரசீகம், மெக்கா, கார்ட்டூம் என்று சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார். இரண்டாவது, தகரப் பெட்டி. லண்டன் சேரிங் கிராஸில் காக்ஸ் கம்பெனி வங்கிப் பெட்டகத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதில் வெளியிடாத வழக்குகளின் குறிப்புகள் உள்ளன என்று வாட்சன் ஒரு கதையில் சொல்கிறார். இது போதாதா? எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியின் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கடிதம்

தொடர்ந்து எழுதியவர்களிடம் போவதற்கு முன், நம் பக்கத்தோடு தொடர்புள்ள ஒரு விஷயம். இந்த அரங்கில் பாண்டிச்சேரிக்குப் போகாதவர் யாரும் இருக்க முடியாது. ஹோம்ஸ் கதைகளில் பாண்டிச்சேரி இரண்டு இடத்தில் வருகிறது. 'நால்வர் சின்னம்' நாவலில் இந்தியாவிலிருந்து செல்வத்தோடு திரும்பிய மேஜர் ஷோல்ட்டோ லண்டனில் ஒரு மாளிகை வைத்திருக்கிறார். அதன் பெயர் 'பாண்டிச்சேரி லாட்ஜ்'. அங்கேதான் கொலை நடக்கிறது.

இரண்டாவது, 1891 நவம்பரில் வந்த 'ஐந்து ஆரஞ்சு விதைகள்' என்ற சிறுகதை. இங்கிலாந்தில் எலியாஸ் ஓப்பன்ஷா என்று ஒருவர். அமெரிக்காவில் தோட்ட முதலாளியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். 1883 மார்ச் 10-ஆம் தேதி காலை உணவு மேசையில் அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. இந்தியத் தபால், பாண்டிச்சேரி முத்திரை. உறையைப் பிரித்தால் ஐந்து காய்ந்த ஆரஞ்சு விதைகள் கொட்டுகின்றன. மூடியின் உட்புறம் மூன்று முறை 'கே' என்ற எழுத்து. மனிதர் வெளிறிப்போகிறார். ஏழு வாரம் கழித்து, மே 2-ஆம் தேதி இரவு, தோட்டத்துக் குட்டையில் பிணமாகக் கிடக்கிறார். அடுத்து அவர் தம்பிக்குக் கடிதம் வருகிறது, இம்முறை ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து. சில நாட்களிலேயே அவரும் சாகிறார். மூன்றாவது கடிதம் லண்டனிலிருந்தே தம்பி மகனுக்கு.

ஹோம்ஸ் இங்கே என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை, அறையை விட்டு நகரவும் இல்லை. பாண்டிச்சேரி, டண்டீ, லண்டன், இந்த மூன்றுக்கும் பொதுவானது என்ன? மூன்றும் துறைமுகங்கள். எனவே எழுதியவன் கப்பலில் இருப்பவன். பாண்டிச்சேரிக் கடிதத்துக்கும் மரணத்துக்கும் நடுவே ஏன் ஏழு வாரம், டண்டீக்கு ஏன் சில நாட்கள்? கடிதம் வேகமான நீராவித் தபால் கப்பலில் போகிறது, கொலைகாரன் பாய்மரக் கப்பலில் பின்னால் போகிறான். அந்த ஏழு வாரம் இரண்டு கப்பல்களின் வேக வித்தியாசம். இதைப் பிடித்துக்கொண்டு கப்பல் பதிவேடுகளை நாள் முழுக்கப் புரட்டுகிறார். 1883 ஜனவரி, பிப்ரவரியில் பாண்டிச்சேரியைத் தொட்ட கப்பல்கள் 36. அவற்றில் அமெரிக்கத் தொடர்புள்ள பெயர் ஒன்று தனியாகத் தெரிகிறது. மீதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? ஹோம்ஸ் என்றால் தொப்பி, புகைக்குழாய், வயலின் என்று நினைக்கிறோம். அதெல்லாம் வெளி அலங்காரம். உள்ளே இருப்பது, எல்லோர் கண்முன்னாலும் கிடக்கும் தகவலை ஒருவர் மட்டும் வரிசைப்படுத்திப் பார்க்கும் முறை. நம் ஊரே அப்படித்தானே கண்டுபிடிக்கப்பட்டது? 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்று நீரோடு வந்த கரும்பொருளைப் பார்த்து, இது வெறும் சேறு இல்லை என்று சந்தேகப்பட்டு அரசுக்குச் சொன்னார். தண்ணீரில் அழுக்கு வருகிறது என்று விட்டிருந்தால் இந்தச் சுரங்கமும் இல்லை, நாம் இங்கே கூடியிருக்கவும் மாட்டோம். புதிய நாவலை எடைபோடும்போது இதை மனத்தில் வையுங்கள். தொப்பி மட்டும் இருந்து முறை இல்லாவிட்டால் அது மாறுவேடப் போட்டி.

தொடர்ந்து எழுதியவர்கள்

இப்போது புதியவர்கள். பட்டியல் மிக நீளம், நான் நான்கு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் குடும்பம். டாயிலின் மகன் ஏட்ரியனும் துப்பறியும் நாவலாசிரியர் ஜான் டிக்சன் காரும் எழுதிய 12 கதைகள் 1954-இல் புத்தகமாக வந்தன. வாட்சன் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போன வழக்குகளை எடுத்துக் கதையாக்கினார்கள். நடை அப்பாவின் நடைதான். ஆனால் படித்து முடித்ததும் நினைவில் தங்குவது குறைவு. அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதே குறிக்கோளானால் அதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

இரண்டாவது, அமெரிக்கர் நிக்கலஸ் மேயர் 1974-இல் எழுதிய 'ஏழு சதவீதக் கரைசல்'. ஹோம்ஸுக்குக் கொக்கெய்ன் பழக்கம் உண்டு என்று டாயிலே எழுதியிருக்கிறார். மேயர் அதை விளையாட்டாக விடவில்லை. வாட்சன் தன் நண்பரைத் தந்திரமாக வியன்னாவுக்கு அழைத்துப்போய் சிக்மண்ட் ஃபிராய்டிடம் சிகிச்சைக்குச் சேர்க்கிறார். துப்பறிபவரின் மனத்தையே துப்பறிகிறார்கள். அந்தப் புத்தகம் பெற்ற வெற்றிக்குப் பிறகுதான் இந்த வகை நாவல்கள் பெருகின.

மூன்றாவது நமக்கு மிக நெருக்கமானது. ஜம்யாங் நோர்பு, இந்தியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்த திபெத்திய அகதி எழுத்தாளர். 1999-இல் 'ஷெர்லாக் ஹோம்ஸின் மண்டலம்' என்ற ஆங்கில நாவலை எழுதினார். மண்டலம் என்பது இங்கே பௌத்தர் வரையும் மண்டலச் சித்திரம். 2000-ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் பரிசு அதற்குக் கிடைத்தது. காணாமல் போன அந்த இரண்டு திபெத் வருடங்கள்தான் கதை. ஹோம்ஸ் பம்பாயில் இறங்கி, சிம்லா வழியாக லாசாவுக்குப் போகிறார். இளம் தலாய் லாமாவின் உயிருக்கு ஆபத்து இருக்கிறது. இங்கேயும் ஒரு தகரப் பெட்டி உண்டு, டார்ஜிலிங்கில் ஒரு வீட்டுச் சுவருக்குள்.

கதை சொல்பவர் யார் தெரியுமா? வாட்சன் அல்ல. ஹரி சந்தர் முகர்ஜி என்ற வங்காளி. இவர் நோர்பு உருவாக்கிய ஆள் இல்லை. 1901-இல் ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய 'கிம்' நாவலில் வரும் பாபு. கிப்ளிங் அவரைத் திறமையான ஒற்றர் என்று காட்டினாலும், குண்டு உடம்பையும் அவர் பேசும் ஆங்கிலத்தையும் வைத்துச் சிரிக்கவும் வைத்தார். நோர்பு அந்த மனிதர் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார். ஹோம்ஸின் கதையை நம் நாட்டுக்காரர் ஒருவர், தன் குரலில், தன் பெருமையோடும் தன் பயத்தோடும் சொல்கிறார். இன்னொன்றும் உண்டு. நாட்டை இழந்த ஒருவர், தன் நாடு சுதந்திரமாக இருந்த காலத்துக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு விருந்தாளியை வரவழைத்துச் சுற்றிக் காட்டுகிறார். திபெத் என்று ஒரு நாடு இருந்தது என்பதற்கு ஹோம்ஸைச் சாட்சி சொல்ல வைக்கிறார். நடுவில் மந்திர தந்திரம் கொஞ்சம் அதிகமாகப் போகிறது, துப்பறிதல் விரும்பிகளுக்கு அந்தப் பகுதி சலிக்கலாம். ஆனாலும் இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நான்காவது ஆண்டனி ஹோரோவிட்ஸ். 2011-இல் 'பட்டு இல்லம்' என்ற பொருள்படும் தலைப்பில் டாயில் குடும்ப அறக்கட்டளையின் அங்கீகாரத்தோடு வந்த நாவல். விஷயம் மிகக் கொடியது, நூறு வருடம் கழித்துத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லி வாட்சன் மூடி வைத்த கதை அது. டாயிலின் கதைகளில் தெருச் சிறுவர் படை ஒன்று வரும். லண்டன் முழுக்க ஓடிச் செய்தி கொண்டுவருவார்கள், ஹோம்ஸ் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுப்பார், பையன்கள் ஓடிவிடுவார்கள். நமக்கும் ஜாலியாக இருக்கும். ஹோரோவிட்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: தாய் தகப்பன் இல்லாத இந்தப் பிள்ளைகளை ஆபத்தான வேலைக்கு அனுப்பினீர்களே, அதில் ஒருவனுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? அந்தக் கேள்வி ஹோம்ஸையே உலுக்குகிறது. பெரியவர்களுக்கான புத்தகம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அதைப் படித்துவிட்டு மூலத்துக்குத் திரும்பினால் அந்த ஷில்லிங் காட்சியை முன்போலச் சிரித்துக்கொண்டு படிக்க முடியாது.

நல்ல தொடர்ச்சி என்றால் எனக்கு இதுதான் அடையாளம். அது மூலத்தைக் கெடுப்பதில்லை, மூலம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைக் கேட்கிறது. மேயர் கேட்டது, இவ்வளவு கூர்மையான மனிதர் ஏன் ஊசி போட்டுக்கொள்கிறார் என்று. நோர்பு கேட்டது, இந்தியனும் திபெத்தியனும் இந்தக் கதையில் எங்கே என்று.

தமிழில் நாம் செய்யாததா?

ஆங்கிலத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சரியில்லை. ஹோம்ஸைத் தமிழுக்குக் கொண்டுவந்த கை மிகப் பழையது. நூறு வருடங்களுக்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸின் சாயலில் ஆனந்தசிங் என்ற துப்பறிவாளரைத் தமிழ் வாசகருக்குக் கொடுத்தார். லண்டன் மூடுபனி இல்லாமல் துப்பறிதல் மட்டும் வந்தது. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. தேவன் ஒருவர்தான் தலைகீழாக யோசித்தார். அவருடைய துப்பறியும் சாம்பு ஒன்றுமே துப்பறிய மாட்டார், அதிர்ஷ்டம்தான் துப்பறியும்.

ஒருவர் உருவாக்கிய உலகத்தை இன்னொருவர் தொடர்ந்தது என்றால் தமிழில் பெரிய உதாரணம் 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார், 1954 டிசம்பரில் மறைந்தார். முடிவில் வாசகர்களின் கேள்விகள் நிறைய மிச்சம் இருந்தன. 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பின்னால் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். பாலகுமாரன் 'உடையார்' என்று ஆறு பாகங்களில் ராஜராஜனை வேறு கோணத்தில் எழுதினார். இதையெல்லாம் நம் வீடுகளில் அம்மாக்களும் பாட்டிகளும் ஆசையாகப் படித்திருக்கிறார்கள். அப்போது யாரும் போலி என்று சொல்லவில்லை.

அதோடு, அந்த நாவலின் நடுவில் இருப்பதும் ஒரு கொலை வழக்குதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி அதைத் தீர்த்துச் சொல்லாமல் விட்டார். அதற்கான கல்லெழுத்துச் சாட்சி நம் மாவட்டத்தில் இருக்கிறது. சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய நிலங்கள் பறிக்கப்பட்டதைப் பற்றிப் பேசுகிறது. பெயர் இருக்கிறது, ஆனால் காரணமும் தூண்டியவரும் இல்லை. கல்லில் எழுதிய 'ஐந்து ஆரஞ்சு விதைகள்' என்று சொல்லலாம். நாவலின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் போவதும் அதே வீராணம் ஏரிக்கரைதான். பிள்ளைகளே, அடுத்த விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாருங்கள்.

யாருக்குச் சொந்தம்?

இனி அந்தப் பெரியவரின் கேள்வியின் சட்டப் பக்கம். இந்தியாவில் ஒரு எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம் அவர் படைப்புக்குக் காப்புரிமை. 1992-இல் செய்த திருத்தத்துக்கு முன் 50 வருடம். டாயில் மறைந்தது 1930 ஜூலையில். அந்தப் பழைய கணக்குப்படி இங்கே 1980 முடிவோடு அவர் கதைகள் பொதுச்சொத்தாகிவிட்டன. எனவே ஹோம்ஸை வைத்து யார் எழுதினாலும் இந்தியாவில் அது திருட்டு அல்ல.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1923-க்குப் பிறகு வந்த கடைசிப் பத்துக் கதைகளுக்கு மட்டும் உரிமை மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு முழு ஹோம்ஸுக்கும் பணம் கேட்டார்கள். லெஸ்லி கிளிங்கர் என்ற பதிப்பாசிரியர் வழக்குப் போட்டார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: பழைய கதைகளில் உள்ள ஹோம்ஸ் எல்லோருக்கும் சொந்தம் என்று. நான்சி ஸ்பிரிங்கர் உருவாக்கிய ஹோம்ஸின் தங்கை ஏனோலாவைப் பிள்ளைகள் நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருப்பீர்கள். 2020-இல் அந்தப் படத்தின் மீதும் வழக்கு வந்தது. அவர்கள் வாதம் என்ன தெரியுமா? அன்பும் இரக்கமும் உள்ள ஹோம்ஸ் கடைசிக் கதைகளில்தான் வருகிறார், அந்த இரக்கம் எங்களுக்குச் சொந்தம் என்பது! வழக்கு அந்த ஆண்டு இறுதியில் முடித்துக்கொள்ளப்பட்டது. கடைசிக் கதைகளும் 2023 ஜனவரி 1 முதல் அங்கே பொதுச்சொத்து.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாப் பாத்திரங்களையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. தேவன் மறைந்தது 1957, அவர் காப்புரிமைக் காலம் 2017-உடன் முடிந்துவிட்டது. கல்கியின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. தமிழ்வாணன் மறைந்தது 1977, 2037 முடியும்வரை உரிமை குடும்பத்துக்கு. சுஜாதா 2008-இல் மறைந்தார், 2068 முடியும்வரை. அவர்கள் பாத்திரங்களை எடுத்து எழுத வேண்டுமானால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். உயிரோடு இருக்கும் எழுத்தாளரிடம் கேட்காமல் தொடவே கூடாது. இதில் சட்டம் இருக்கட்டும், அடிப்படை மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

அலமாரிக்கு என் யோசனை

ஹோம்ஸ் பொதுச்சொத்து என்பதால் இன்னொரு தொல்லையும் வந்திருக்கிறது. யாரும் எழுதலாம் என்றால் யாரும் அச்சடிக்கலாம். அட்டையில் தொப்பியும் புகைக்குழாயும் போட்டு இணையக் கடைகளில் நூற்றுக்கணக்கில் வருகின்றன. சில புத்தகங்களில் எழுதியவர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, டாயில் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. ஜூலையில் நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, எழுதியவர் தன் பெயரை மறைக்காமல் போட்டிருக்கிறாரா? இரண்டு, முதல் பத்துப் பக்கத்தைக் கடையிலேயே நின்று படியுங்கள். ஹோம்ஸ் ஒரு முடிவுக்கு வரும்போது அதற்கான தடயம் நமக்கும் முன்பே காட்டப்பட்டதா, அல்லது மந்திரவாதி போலத் தொப்பிக்குள்ளிருந்து எடுக்கிறாரா? தடயத்தை ஒளிப்பவர் வாசகரை ஏமாற்றுகிறார். மூன்று, இந்தக் கதைக்கு ஹோம்ஸ்தான் வேண்டுமா? பெயரை மாற்றி வேறு யாரையாவது போட்டாலும் கதை அப்படியே ஓடும் என்றால், அந்தப் பெயர் விற்பனைக்காக மட்டும்தான். 'அங்கீகரிக்கப்பட்டது' என்ற முத்திரையை நம்பி வாங்க வேண்டாம். அது அனுமதியைச் சொல்கிறது, தரத்தைச் சொல்லவில்லை. நோர்புவின் நாவல் நன்றாக இருப்பதற்கு எந்த முத்திரையும் காரணமில்லை.

என் யோசனை இது. முதலில் மூலக் கதைகளின் முழுத் தொகுப்பு ஒன்று வாங்குவோம். தமிழ் மொழிபெயர்ப்பும் ஒன்று. அதற்குப் பிறகு நோர்பு, ஏனோலா வரிசையில் முதல் புத்தகம், பெரியவர்கள் பகுதிக்கு ஹோரோவிட்ஸ். பக்கத்திலேயே சாம்புவையும் கணேஷ்-வசந்தையும் வையுங்கள். மூலத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்களுக்கே தொடர்ச்சி நாவல் என்று ஒரு விதி வைத்தால் எனக்குச் சந்தோஷம், வற்புறுத்தவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தப் பாண்டிச்சேரிக் கடிதத்தைக் கடல்கடந்த கொலைகாரர்கள் அனுப்பினார்கள் என்று டாயில் சொல்லிவிட்டார். ஆனால் 1883-இல் பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரியில் அந்த உறைக்கு முத்திரை குத்திய தபால் ஊழியர் யார்? உள்ளே கலகலவென்று ஏதோ ஆடுகிறதே என்று அவர் சந்தேகப்படவில்லையா? துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றியவர்கள் எதைப் பார்த்தார்கள்? 60 கதைகளில் இந்தக் கேள்வி இல்லை. நம் மொழியில் நம் ஆட்களை வைத்து நீங்கள் எழுதலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம், தடயத்தை மட்டும் ஒளிக்காதீர்கள். நன்றாக வந்ததை அடுத்த காலாண்டு மடலில் போடுவதாக ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.



கேள்வி நேரத்திலிருந்து

கேள்வி: கணேஷ்-வசந்தை அனுமதி வாங்கி வேறொருவர் எழுதினால் நீங்கள் படிப்பீர்களா, சார்?

பதில்: வாங்கிப் படிப்பேன், ஆனால் முதல் பக்கத்திலேயே வசந்தின் பேச்சைக் கவனிப்பேன். அந்தக் குறும்பு கைகூடாவிட்டால் வழக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மனம் ஒட்டாது. சட்டம் பாத்திரத்தைக் கொடுக்கலாம், குரலைக் கொடுக்க முடியாது.

கேள்வி: ஒரு பத்திரிகையில் வேலை செய்துகொண்டு உருவாக்கிய பாத்திரம் யாருக்குச் சொந்தம்? பத்திரிகைக்கா, எழுதியவருக்கா?

பதில்: பக்கத்து மாநிலத்தில் இதற்கு ஒரு நல்ல வழக்கு உண்டு. 'போபனும் மோளியும்' படக்கதையை வரைந்த டாம்ஸ், மலையாள மனோரமாவை விட்டு வெளியே வந்த பிறகும் அதைத் தொடர்ந்து வரையலாமா என்ற வழக்கு. 1980-களின் இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் அவர் வரையலாம் என்றது. வேலைக்குச் சேரும் முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள் அவை என்பது முக்கியமான காரணம். எனவே பதில் ஒப்பந்தத்தையும் உருவாக்கிய காலத்தையும் பொறுத்தது.

கேள்வி: நோட்டில் எழுதியது நான்தான். நீங்கள் சொன்ன திபெத் நாவலை வாங்குங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் மூலத்தைப் படிக்காமல் நேரே படத்துக்குப் போகும் பிள்ளைகளை என்ன செய்வது?

பதில்: ஐயா, படத்தைப் பார்த்துவிட்டு மூலத்தைத் தேடி வந்த பிள்ளைகளும் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். எந்தக் கதவு வழியாக வந்தாலும் சரி, உள்ளே வந்ததும் கையில் கொடுக்க நம்மிடம் மூலப் புத்தகம் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது. முதல் கதையை நீங்களே அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

(அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த சந்திப்பில் 'ஐந்து ஆரஞ்சு விதைகள்' வாசிக்கப்படும். பிள்ளைகளை அழைத்து வரவும்.)